கீழே ஒரு இனிஷியல்

1948-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு இணைந்தது. ஆனால் அங்கிருந்த தாலுகா ஆபீசுக்குள் மட்டும் 1952 வரைக்கும் இணையவில்லை. கிழக்குச் சுவரோரம் பழைய சமஸ்தானத்து குமாஸ்தாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேற்குச் சுவரோரம் திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். இரு தரப்புக்கும் தனித்தனித் தண்ணீர்ப் பானை.

நடுவில், வாசலுக்கு நேராக, தபால் குமாஸ்தா ஜெகபர் சாதிக்கின் மேசை. சொந்த ஊர் கோட்டைப்பட்டினம். அது அப்போது தஞ்சாவூர் ஜில்லா. ஆகவே அவன் கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. குடும்பத்தில் முதன்முதலாக பி.ஏ. படித்தவன் என்பதால் இரண்டு பக்கமும் அவனை "பி.ஏ. தம்பி" என்றே கூப்பிட்டது. திங்கள், புதன், வெள்ளி கிழக்குப் பானையில் குடிப்பான். மற்ற நாட்களில் மேற்குப் பானை. ஒரு வியாழக்கிழமை மறதியாகக் கிழக்குப் பானையில் மொண்டுவிட்டான். மேற்கிலிருந்து ஆவுடையப்பன் ஒரு வாரம் பேசவில்லை.

சாதிக் இன்னும் நிரந்தரமாகவில்லை. மீமிசலில் மீன் வியாபாரம் செய்யும் முகம்மது சுல்தான் தன் மகள் நூர்நிஷாவை அவனுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். "பெர்மனென்டு ஆர்டரைக் கையில குடுங்க, மறுவெள்ளிக்கிழமை நிக்காஹ் வச்சுக்கலாம்" என்பது அவர் வாக்கு. ஆர்டர் வரவில்லை. நூர்நிஷாவுக்கு வேறு இரண்டு இடத்திலிருந்து ஆள் வந்து போனதாகக் கோட்டைப்பட்டினத்திலிருந்து கடிதம் மட்டும் வந்தது.

கிழக்கிலிருந்து முத்துராமன் தலைப்பாகையைச் சரிசெய்தபடி குனிவார். "தம்பி, ஒங்க ஃபைலை அந்த ஆவுடையப்பன்தான் அமுக்கி வச்சிருக்கான். எங்க தர்பார்ல இப்படியெல்லாம் கெடையாது."

அவர் நகர்ந்ததும் மேற்கிலிருந்து ஆவுடையப்பன் வருவார். "தலப்பாக்கட்டு என்ன சொல்லுச்சு? ஒங்க ஃபைல் அவரு பெஞ்சுக்கு அடியிலதான் கெடக்குங்க. சும்மா விடாதீங்க, ஒரு மொட்டைக் கடுதாசி போடுங்க."

இதற்கென்றே சாதிக் ஒரு நோட்டு வைத்திருந்தான். யார் யாரைப் பற்றி எது சொன்னாலும் பொறுமையாகக் கேட்பான். பிறகு நோட்டை விரித்து, தேதி போட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதி, அவர்கள் பக்கம் திருப்புவான்.

"கீழே ஒரு இனிஷியல் போட்டுருங்க சார்."

"எதுக்கு?"

"நாளைக்கி நான் மாத்திச் சொல்லிறக் கூடாதுல்ல?"

சொன்னவருக்கு உடனே வேறெங்கோ அவசர வேலை வந்துவிடும். இப்படி ஒன்றரை வருஷத்தில் நாற்பத்தோரு பக்கம் நிரம்பியிருந்தது. ஒரு பக்கத்திலும் இனிஷியல் இல்லை. சாதிக்குக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு. தனியே இருக்கும்போது ஒரு சந்தேகமும் உண்டு. எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பது நேர்மையா, இல்லை வெறும் பயம்தானா?

அக்டோபரில் மேலிடத்திலிருந்து நினைவூட்டல் வந்தது. ஜெகபர் சாதிக்கைப் பற்றி ஜூன் மாதம் கேட்ட விவரம் ஏழு நாளைக்குள் வராவிட்டால், அவரை வேலையிலிருந்து விடுவிக்க நேரிடும். பிரித்தது அவனேதான். தபால் அவன் வேலை.

ஜூன் மாதத் தபால் ரிஜிஸ்டரைப் புரட்டினான். எண் 412. கையெழுத்து அவனுடையது. 'யாரிடம் கொடுக்கப்பட்டது' என்ற கட்டத்தில், அதே கையெழுத்தில், 'தாசில்தார் நேரில் பிரிக்க.'

நினைவு வந்துவிட்டது. உறை மேலே தன் பெயரைப் பார்த்ததும், தன்னைப் பற்றிய தபாலைத் தானே பிரிப்பது முறையல்ல என்று நினைத்தான். முத்துராமனிடம் கொடுத்தால் ஆவுடையப்பன் கோபிப்பார். ஆவுடையப்பனிடம் கொடுத்தால் முத்துராமன் கோபிப்பார். தாசில்தாரோ கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி முகாமில் இருந்தார். அவர் வந்ததும் பார்க்கட்டும் என்று ஜமாபந்திக் கட்டுகளின் மேல் வைத்தான். அந்தத் தாசில்தார் அப்படியே மாற்றலாகிப் போனார். பியூன் ஐயனார் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி ரிக்கார்டு ரூமில் ஏற்றிவிட்டார்.

ரிக்கார்டு ரூமில் தூசிக்குள் தும்மிக்கொண்டே தேடி எடுத்தான். உறை பிரிக்கப்படவே இல்லை. கிழித்துப் பார்த்தான். கேட்டிருந்தது ஒரு வயதுச் சான்றிதழ் மட்டும். அது நாலு மாதமாக அவன் மேசை டிராயரிலேயே இருந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. முத்துராமன்.

"கெடச்சிருச்சா? இங்க கெடச்சதா வெளிய சொல்லாதீங்க. ஆவுடையப்பன் மேசைக்கு அடியில இருந்துச்சுன்னு சொல்லுங்க. நான் பாத்தேன்னு நான் சொல்றேன்."

அவர் போய் நிமிஷம் ஆகவில்லை, ஆவுடையப்பன். "தலப்பாக்கட்டு பெஞ்சுக்குக் கீழ இருந்துச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. ஒங்க வேலையும் நெலைக்கும், அந்த ஆளும் தொலைவாரு."

சாதிக் உறையின் தூசியைத் தட்டினான். உண்மையாகவே ஒரு வார்த்தைதான். வேலை நிலைக்கும், நூர்நிஷா கிடைப்பாள். ஒன்றரை வருஷமாகத் தன்னைப் பிய்த்த இருவரில் ஒருவருக்குக் கொஞ்சம் வலித்தால் என்ன? அவன் நல்லவன்தான், ஆனால் அந்த நிமிஷம் யாரை மாட்டிவிடலாம் என்று உண்மையிலேயே யோசித்தான். முத்துராமனை என்றுகூட முடிவு செய்துவிட்டான். தலைப்பாகை அவனுக்கு எப்போதுமே பிடித்ததில்லை.

பழக்கதோஷம், கை நோட்டை விரித்தது. தேதி போட்டான். 'எண் 412 தபால், முத்துராமனின் பெஞ்சுக்கு அடியில்' என்று எழுதினான். கீழே இனிஷியல் போட வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. எத்தனை பேர் அந்த இடத்தைப் பார்த்து ஓடியிருக்கிறார்கள் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

எழுதியதை அடித்தான். 'இரு தரப்புக்கும் பயந்து நானே தவறான இடத்தில் வைத்தேன்' என்று எழுதி ஜெ.சா. என்று போட்டான். நோட்டோடு புதுத் தாசில்தார் முன்னால் போய் நின்றான்.

தாசில்தார் அந்தப் பக்கத்தைப் படித்தார். பிறகு முன்பக்கங்களையும் படிக்க ஆரம்பித்தார். சாதிக்குக்கு அது எதிர்பாராத ஆபத்து. கிழக்கும் மேற்கும் கதவிடுக்கில் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தன. நாலு வருஷத்தில் அவர்கள் ஒன்றாக நின்றது அன்றைக்குத்தான்.

"இதுல ஒண்ணுத்துலயும் கையெழுத்து இல்லையேய்யா?"

"யாரும் போடலீங்க."

"அப்ப இதெல்லாம் யாரும் சொல்லல." நோட்டை மூடினார். "ஒம்ம பேரைப் பாத்தா ஒமக்கே பயமா? இன்னிக்கே சர்டிபிகேட்டை அனுப்பும். கூடவே விளக்கமும்."

மூன்று வாரத்தில் நிரந்தர ஆர்டர் வந்தது. அதே உறையில், கவனக்குறைவுக்காக ஓர் எச்சரிக்கையும் வந்தது. முதலாவதை மட்டும் மீமிசலுக்குக் கொண்டுபோகலாமா என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தான். கடைசியில் இரண்டையும் கொடுத்தான். முகம்மது சுல்தான் தெரிந்த வாத்தியாரைக் கூப்பிட்டு இரண்டையும் படிக்கச் சொன்னார். முழுக் கதையையும் கேட்டார். சிரிக்கவே இல்லை.

"மாப்பிள்ளைக்கி வசதியாத் தப்புப் பண்ணவும் தெரியல, பண்ணுனதை மறைக்கவும் தெரியல" என்றார். "யாவாரத்துக்கு லாயக்கில்ல. பொண்ணைக் குடுக்கலாம்."

மறுவெள்ளிக்கிழமையே நிக்காஹ். கிழக்கும் மேற்கும் ஒரே வண்டியில் வந்தன. வழியில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டன.

1963-இல் சாதிக் தலைமைக் குமாஸ்தா. மேசையில் மூன்றாவது நோட்டு. அதில் இனிஷியலோடு இருப்பது ஒரே ஒரு புகார். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு ஒரு நாள் ஆபீசுக்கு வந்த நூர்நிஷா, அவன் கேட்பதற்கு முன்பே பேனாவைப் பிடுங்கி எழுதியது:

'எதைக் கேட்டாலும் ரெண்டு பக்கமும் யோசிச்சுச் சொல்றேங்கிறாரு. ஒருநாளும் சொன்னதில்ல.'

கீழே, தெளிவாக, நூ.நி.