என் கம்பியையே போடச் சொன்னேன்

என் அண்ணனின் வலது கால் போனதற்குக் காரணம் நான். வைத்தியர் அல்ல, சர்க்கரை வியாதி அல்ல, அவர் இத்தனை வருடம் ஊதித் தள்ளிய சிகரெட்டும் அல்ல. நான்தான்!

முகத்தைச் சுளிக்காதீர்கள். உங்களிடம் இரக்கம் வாங்க நான் வரவில்லை. வாசித்து முடித்துவிட்டு, 'பாவம், அவளும் மனுஷிதானே' என்று பெருமூச்சு விடப்போகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

என் தொழிலைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு இது விளங்காது. இரத்தக் குழாய்க்குள் அடைப்பு சுண்ணாம்பாக இறுகிப்போனால், அதை அரைத்துத் தள்ள ஒரு கருவி உண்டு. அதன் நுனியில் சிறியதொரு தலை சுழலும். அந்தத் தலைக்குத் தானாக வழி தெரியாது. முதலில் தையல் நூல் பருமனில் ஒரு கம்பி அடைப்பைக் கடந்து போகவேண்டும். கம்பி கிடக்கும் வழியேதான் தலை போகும். அந்தக் கம்பிகளை வடிவமைப்பவள் நான். உயிலங்குளத்தில் என் கணவர் வீட்டில் இருந்துகொண்டு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காகக் கணினியில் வரைகிறேன். இடைக்கிடை அங்கே போய்ச் சோதித்துப் பார்த்துவிட்டு வருவேன்.

எங்களிடம் இரண்டு வகைக் கம்பிகள் இருந்தன. ஒன்று விறைப்பானது. அது என்னுடையது, எந்த அடைப்பையும் துளைத்துக்கொண்டு போகும். மற்றது இளக்கமானது, என்னோடு வேலை செய்யும் ஒருத்தி செய்தது. அதைத் தள்ளுவதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் குழாய் வளையும் இடத்தில் அது வளைந்துகொடுக்கும், என் கம்பி மறுக்கும். ஒரு பக்கச் சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு சுழலும் தலை அடைப்பை விட்டுவிட்டுச் சுவரை அரைக்கும்... இது எனக்குத் தெரியாததா? கூடிய வளைவுகளுக்கு மற்றதைப் பாவிக்கவும் என்று எச்சரிக்கை வாசகம் எழுதியவளே நான்தான்!

அவளை எனக்குப் பிடிக்காது. அவளுடைய கம்பியை யாராவது மெச்சினால் எனக்கு வயிறு எரியும்.

அண்ணனையும் பிடிக்காது. பிடிக்காது என்பது இங்கே மிகவும் சின்னச் சொல். நாங்கள் பேசாலைக் கத்தோலிக்கக் குடும்பம். நான் கட்டியதோ உயிலங்குளத்துச் சைவ வயல்காரனை. சூசை அண்ணனுக்கு அது ஆறவேயில்லை. அப்பாவை அடக்கம் செய்த அன்று, எல்லோரும் குழிக்குள் ஒரு பிடி மண் போட்டார்கள். என் கணவரும் குனிந்து ஒரு பிடி அள்ளினார். அண்ணன் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார்.

"எங்கட அப்பாவுக்கு நீ மண் போடத் தேவையில்லை! உன்ர வயலில கொண்டுபோய்ப் போடு!"

சுவாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. என் கணவரின் விரல்கள் விரிந்து, மண் அவருடைய காலடியிலேயே கொட்டுண்டது. அன்றோடு நான் அண்ணனுடன் பேசுவதை நிறுத்தினேன்.

வருடங்கள் போயின. அண்ணனின் வலது கால் விரல்கள் கறுக்கத் தொடங்கின. மீன்பிடிப் படகில் ஏறி நிற்க முடியாத நோ. கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அண்ணனின் மனைவி, என் மச்சாள், நான் செய்யும் வேலையை வைத்தியரிடம் சொல்லியிருக்கிறார். வைத்தியருக்கோ ஒரே புளுகம், பெருமை தாங்கவில்லை... நோயாளியின் தங்கை செய்த கம்பி தன் அலுமாரியிலேயே இருக்கிறதே! காலின் படங்களை எனக்கு அனுப்பிவிட்டு, ஒரு பின்னேரம் தொலைபேசியில் அழைத்தார்.

"ரெண்டு வயரும் எங்களிட்ட இருக்கு. நான் மற்றதைத்தான் யோசிச்சனான். ஆனா நீங்கள் செய்த ஆள், எதைப் போடுவம் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

"என்ரயைப் போடுங்கோ."

"முழங்காலுக்குப் பின்னால ஒரு வளைவு இருக்கு. பாத்தனீங்கள்தானே?"

"ஓம், பாத்தனான். பிரச்சினை இல்லை, டொக்டர்."

பார்த்தேன்! படத்தைப் பெரிதாக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குழந்தைக்கும் தெரியக்கூடிய வளைவு அது.

ஏன் அப்படிச் சொன்னேன்? என் சொந்த அண்ணனின் காலில் அவளுடைய கம்பி போவதா என்ற கர்வமா? அல்லது... அந்த மணிக்கட்டை முறுக்கியவன் படட்டும் என்று எனக்குள் ஏதோ ஒன்று நினைத்ததா? கர்வம் மட்டும்தான் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் தொலைபேசியை வைத்ததும் என் மனம் குளிர்ந்திருந்தது. கர்வம் அப்படிக் குளிருமா? நீங்கள் யாரையாவது உண்மையாக வெறுத்திருந்தால் உங்களுக்கே தெரியும். தெரியாததுபோல இருக்காதீர்கள்.

குழாயின் சுவர் கிழிந்தது. அவர்கள் எவ்வளவோ பாடுபட்டும் இரத்தம் கீழே போகவில்லை. காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். 'குழாயே பழுதாகிப்போன கால், யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது' என்று மச்சாளிடம் சொல்லியிருக்கிறார்கள். அதையே நானும் பிடித்துக்கொண்டேன். இளக்கமான கம்பி அந்த அடைப்பைக் கடந்திருக்கவே மாட்டாது. கால் எப்படியும் போயிருக்கும்... இப்படி எனக்கு நானே வாதாடினேன். தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம், பொய், பூசைக்குப் போகாதது எல்லாவற்றையும் சுவாமியாரிடம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

பிறகு இடது காலும் நோகத் தொடங்கியது. அதே இடத்தில் அடைப்பு, அதே வளைவு. வைத்தியர் மறுபடி அழைத்தார்.

"உங்கட வயர்தான் வேணுமெண்டு அண்ணா பிடிவாதமா நிக்கிறார். என்ன செய்வம்?"

"அது இப்ப கைவசம் இல்லையெண்டு அவரிட்டச் சொல்லுங்கோ. மற்றதைப் போடுங்கோ."

ஏன் என்று வைத்தியர் கேட்கவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னார். அவருக்கு விளங்கியதா? இன்றுவரை கேட்க எனக்குத் துணிவில்லை.

இளக்கமான கம்பி மெல்ல மெல்லப் போய் அடைப்பைக் கடந்தது. இடது கால் தப்பியது. கால் எப்படியும் போயிருக்கும் என்ற என்னுடைய சாட்டு அன்றோடு செத்தது.

அண்ணன் ஆள் அனுப்பி எங்களைப் பேசாலைக்குக் கூப்பிட்டார். போனோம். முற்றத்தில் கதிரையில் இருந்தார். உடுத்திருந்த சாரத்தின் வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. என் கணவரை "வாங்கோ மச்சான்" என்றார். முதல் தடவை! அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் எத்தனை வருடம் காத்திருந்தோம்... அது இப்போது எனக்குக் கசந்தது.

"பிலோ, நான் உங்கள் ரெண்டு பேருக்கும் செய்தது கொஞ்ச நஞ்சமில்லை," என்றார். "நீ நினைச்சிருந்தா அண்டைக்கு டொக்டரிட்ட, எனக்குத் தெரியாதெண்டு விட்டிருக்கலாம். ஆனா நீ உன்ர வயரையே குடுத்தாய். அப்பதான் எனக்கு விளங்கினது, நீ என்னை மன்னிச்சிட்டாய் எண்டு. கால் போனது என்ர விதி. மன்னிச்சனிதானே, பிள்ளை?"

என் கணவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் எதுவும் தெரியாது.

நான் மன்னிக்கவில்லை. அந்தக் கதிரையில் அவரைப் பார்த்தபோதும் மன்னிக்கவில்லை. இதை எழுதும்போதும் இல்லை. மன்னிக்கவேண்டியவர் அவர் அல்லவா என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள்!

"ஓம் அண்ணா," என்றேன்.

அண்ணனின் கண் கலங்கியது. உள்ளே திரும்பி, "தங்கச்சிக்கு மீன் பொரியும்!" என்று மச்சாளிடம் கத்தினார். நான் இருந்து, போட்டதையெல்லாம் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.