இரண்டு முறை அசைந்த படகு

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல. எனக்கும் என் கணவன் லென்னுக்கும் நடந்தது.

நான் பர்மிங்ஹாமில் பல வருடமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவள். ஒரு லிஃப்டுக்குள் எவ்வளவு எடை ஏறியிருக்கிறது என்று அந்தப் பெட்டிக்கே தெரியும். அளவு மீறினால் கதவு மூடாது. எங்கள் தொழிலில் ஓர் ஆளுக்கு எழுபத்தைந்து கிலோ என்று வைத்துக்கொள்வோம். என் கோட்டுப் பையில் சாய்வு பார்க்கிற, விரல் நீள ரசமட்டம் ஒன்று எப்போதும் கிடக்கும். அதற்குள் இருக்கும் குமிழிக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. அது காட்டியதைத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் லென்னுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. காலும் ஓரளவு வந்தது. இடது கை மட்டும் வரவில்லை. ஊசியால் குத்தினாலும் தெரியாது. தூங்கும் பூனையைத் தூக்குகிற மாதிரி வலது கையால் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வான். முப்பது வருடம் பஸ் ஓட்டியவன், ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ்கள் போவதை எண்ணிக்கொண்டிருந்தான். நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனான். எங்கே என்னை விட்டே போய்விடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் அவனே கேட்டான்.

"கால்வாயில ஒரு வாரம் படகு ஓட்டலாமா பெவ்? சுக்கானுக்கு ஒரு கை போதும்."

சரி என்றேன். அவன் மறுபடி எதையாவது ஓட்ட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை ஸ்டாஃபர்ட்ஷைர் பக்கம் ஒரு படகுத் துறையில் 'ஸ்டார்லிங்'கை வாடகைக்கு எடுத்தோம். பழைய இரும்புப் படகு. ஏழடி அகலம், பஸ்ஸைவிட நீளம். துறைக்காரர் நெவில் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இங்க பாரு கண்ணு, ரெண்டு விஷயம். கயித்தைக் கையில சுத்திக்கக் கூடாது. லாக்குல தண்ணி வடிஞ்சு படகு இறங்கும்போது பின்பக்கம் படியில மாட்டக் கூடாது. மத்தபடி இது சாது. இவ மாதிரி நிமிந்து நிக்கிற படகு இந்தக் கால்வாயிலயே கிடையாது."

நான் ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது.

"லீவுல வந்தும் லிஃப்டை விடமாட்டியா?" என்று லென் சிரித்தான். அவன் சிரித்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படகுகளின் அடிப்பக்கம் தட்டை. தண்ணீர் மேல் வைத்த தட்டு மாதிரி. யாராவது ஓரத்தில் கால் வைத்தால் அந்தப் பக்கம் சாயும், உள்ளே வந்து நடுவில் நின்றதும் நிமிரும். அதனால் உள்ளே சமையல் செய்துகொண்டிருப்பவருக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும், ஆள் ஏறுகிறாரா இறங்குகிறாரா என்று. ஓர் ஆளுக்கு ஓர் அசைவு.

திங்கள் காலை பேக்கன் பொரித்துக்கொண்டிருந்தேன். லென் கரையில் இறங்கினான். படகு சாய்ந்தது. நிமிர்ந்தது.

மறுபடி சாய்ந்தது. நிமிர்ந்தது.

கால் வழுக்கித் திரும்ப ஏறி இறங்கினானோ என்று எட்டிப் பார்த்தேன். அவன் கரைப்பாதையில் பத்தடி தள்ளி நின்று வாத்துகளுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தான்.

ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவை விட்டு இடப்பக்கம் நகர்ந்திருந்தது. குமிழி எப்போதும் உயரமான பக்கம் போகும். அப்படியென்றால் படகு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. லென் திரும்பி ஏறினான். சாய்ந்தது, நிமிர்ந்தது. சாய்ந்தது... நிமிர்ந்தது. குமிழி நடுவுக்கு வந்துவிட்டது.

தண்ணீர்த் தொட்டி காலியாகக் காலியாகப் படகு சாயும். அதனால் தொட்டியை நிரப்பிப் பார்த்தேன். நிலக்கரி மூட்டையை வலமிருந்து இடம் மாற்றினேன். அதன் பிறகு லென் உள்ளே இருந்தால் இடம் தாழ்ந்தது. இறங்கிப் போனால் வலம் தாழ்ந்தது. எதைச் செய்தாலும் அவன் இறங்கும்போது ஓர் ஆளைவிட அதிகமாக எடை குறைந்தது.

"நேத்து பீன்ஸை ரெண்டு தட்டு தின்னேன்ல? அந்த எடைதான்" என்றான் லென்.

"வாயை மூடு."

"பெரிய இன்ஜினியரம்மாவுக்கு ஒரு படகு பிடிபடலை. ஊருக்குப் போய்ச் சொல்றேன் இரு."

அவன் கேலி செய்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் இறங்கும்போது எண்ணினேன். ஒன்று... இரண்டு.

செவ்வாய் இரவு ஒரு வயலோரம் படகைக் கட்டினோம். பக்கத்தில் வேறு படகு இல்லை. மழை தூறியது. இரும்பு அடுப்பு ஆறும்போது டிக்... டிக்... என்று சத்தம் வந்தது. லென் இடப்பக்கப் படுக்கையில், நான் வலப்பக்கத்தில். நடுவே ஓர் ஆள் நடக்கிற இடைவெளி.

இரண்டு மணி பத்து நிமிடம். லென்னின் குரல் கேட்டு விழித்தேன்.

"பெவ்... கொஞ்சம் மெதுவாப் பிடி. வலிக்குது."

நான் அவனைத் தொடவில்லை.

என் இரண்டு கைகளும் என் போர்வைக்குள் இருந்தன.

"எதைப் பிடிக்கிறேன்?" என்று கேட்டேன்.

"என் கையை. விடு, தூக்கம் வருது."

"எந்தக் கை லென்?"

மழைச் சத்தம் மட்டும். பிறகு, மிகவும் மெதுவாக...

"இடது."

விளக்கைப் போட்டேன். யாரும் இல்லை. லென்னின் இடது கை படுக்கைக்கு வெளியே நீண்டிருந்தது. கீழே தொங்கவில்லை. ஒன்றின் மேல் வைத்த மாதிரி, காற்றில் அப்படியே நின்றது.

பிறகு பொத்தென்று விழுந்தது.

காலையில் அவன் அழுதுவிட்டான். சந்தோஷத்தில்.

"வலிச்சுது பெவ்! வலிச்சுதுன்னா என்ன அர்த்தம்? உயிர் வருதுன்னு அர்த்தம்!"

அவன் சொன்னதில் தவறில்லை. நரம்புக்கு உணர்ச்சி திரும்பும்போது இல்லாததெல்லாம் இருக்கிற மாதிரி தோன்றும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அதை நானும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பெரிய கை. உள்ளங்கை சொரசொரன்னு... காலமெல்லாம் கயிறு இழுத்தவன் கை மாதிரி. குளிர்ச்சியா."

சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தான். அவனுக்கு அதில் பயமே இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

வியாழன் மாலை, வெளிச்சம் குறைகிற நேரத்தில் ஒரு லாக்குக்கு வந்தோம். மழை விடவில்லை.

லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டி. படகை உள்ளே விட்டு மேல் கதவைச் சாத்த வேண்டும். பிறகு கீழ்க் கதவின் மடையைக் கைப்பிடி போட்டுச் சுற்றித் திறந்தால் தண்ணீர் வடியும், படகு லிஃப்ட் மாதிரி இறங்கும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. தண்ணீரின் எடையே எல்லாம். எனக்கு அதைப் பார்த்து அலுக்கவே அலுக்காது. ஆபத்து எங்கே என்றால், மேல் கதவுக்கு அடியில் தண்ணீருக்குள் ஒரு கல்படி நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வடியும்போது படகின் பின்பக்கம் அதன் மேல் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். பிறகு படகு மூக்குக் குத்தி மூழ்கும். இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகாது.

லென் பின்பக்கம் நின்றான். முன்னால் கரையில் இருந்த குட்டைத் தூணில் ஒரு கயிற்றைச் சுற்றி, அதன் நுனியை வலது கையில் பிடித்திருந்தான். படகு இறங்க இறங்கக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். இரண்டு கை இருப்பவர்களுக்கு அது பெரிய வேலையில்லை. ஒரு கைக்காரன் என்ன செய்வான்? மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான். நான் கீழ்க் கதவருகே மடையைத் திறந்துகொண்டிருந்தேன். அதைப் பார்க்கவில்லை.

"பெவ்!"

திரும்பினேன். கயிறு விறைத்து நின்றது. லென்னின் வலது கை தலைக்கு மேல் இழுபட்டிருந்தது. படகு பின்னால் நகர்ந்து...

கிரீச்...

இரும்பு கல்லில் உரசியது. படியில் மாட்டிவிட்டது.

முன்பக்கம் இறங்கியது. சமையலறையில் தட்டுகள் சரிந்து உடைந்தன.

"லீவரைத் தள்ளு லென்! முன்னால தள்ளு!"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லீவரை முன்னால் தள்ளினால் படகு படியை விட்டு நகரும், கயிறும் தளரும். லீவர் அவன் இடுப்போரம்தான் இருந்தது.

இடப்பக்கம்.

மடையை மூட ஆரம்பித்தேன். ஈரத்தில் கைப்பிடி வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தது. அவனை நோக்கி ஓடினேன். அறுபதடி... அதைவிடத் தூரமாகத் தெரிந்தது.

அப்போது பார்த்தேன்.

அவன் இடது கை எழுந்தது.

தானாக எழவில்லை. மணிக்கட்டு முதலில் எழுந்தது. விரல்கள் கீழே தொங்கின. யாரோ மணிக்கட்டைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி.

அந்தக் கை லீவரின் மேல் வந்தது.

விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்தன.

தள்ளியது.

எஞ்சின் உறுமியது. படகு குலுங்கிக்கொண்டு முன்னால் நகர்ந்து, தண்ணீரில் தொப்பென்று உட்கார்ந்தது. கயிறு தளர்ந்தது. நான் லென்னைப் பிடித்தபோது அவன் உடம்பெல்லாம் நடுங்கியது. இடது கை மட்டும் நடுங்கவில்லை.

"நான் தள்ளலை பெவ்" என்றான். "சத்தியமா நான் இல்ல."

அன்றிரவே கிளம்பிவிடலாம் என்றேன். கார் வரவழைக்கிறேன், படகை நெவில் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றேன்.

"மாட்டேன்."

"லென், அது என்னன்னே நமக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது. ஆனா பதினாலு மாசமா செத்துக் கிடந்த கை இது." அவன் கையைத் தூக்கிக் காட்டினான். ஆள்காட்டி விரல் தானாக அசைந்தது. "யார் செஞ்சா என்ன? இதை விட்டுட்டு வரச் சொல்றியா?"

என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

சனிக்கிழமை காலை படகைத் திருப்பிக் கொடுத்தோம். லென் கடைசியாக இறங்கினான். நான் கரையில் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகு சாய்ந்தது, நிமிர்ந்தது.

படகின் படிக்கட்டில் இப்போது யாரும் இல்லை.

சாய்ந்தது... நிமிர்ந்தது.

"வா பெவ், பசிக்குது" என்றான் லென். காரில் என் இடப்பக்கம் உட்கார்ந்தான். கண்ணாடி வழியாகப் பின் சீட்டைப் பார்க்கக் கூடாது என்று எண்ணிக்கொண்டே வீடு வரை ஓட்டினேன்.

புதன்கிழமை நெவில் போன் செய்தார்.

"கண்ணு, தப்பா நினைக்காத. எங்கயாச்சும் பலமா இடிச்சீங்களா?"

"லாக்குல படியில உரசிடுச்சு. சொன்னேனே."

"அது வெறும் கீறல். இது வேற. ஸ்டார்லிங் வலப்பக்கம் சாஞ்சு நிக்குறா. விரல் அகலம். ஓட்டை இல்ல, தண்ணி இல்ல. தரைப் பலகையைப் பேத்துப் பாத்தேன். வலப்பக்கம் அடியில மூணு நடைபாதைக் கல்லு கிடக்கு. நான் போட்டது இல்ல. எனக்கு வித்தவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் சொல்றான், வாங்கின நாள்லேர்ந்து அது இடப்பக்கம் சாஞ்சுதாம். ஏன்னே தெரியலையாம். அதைச் சரிக்கட்டக் கல்லு போட்டானாம்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"பதினோரு வருஷம் என்கிட்ட நிமிந்து நின்னா கண்ணு. கல்லு போட்ட இடத்துலயேதான் இருக்கு. அப்ப இடப்பக்கம் இருந்தது எங்க போச்சு?"

"ஒரு கல்லு எத்தனை கிலோ நெவில்?"

"இருபத்தஞ்சு இருக்கும். ஏன்?"

மூன்று கல். எழுபத்தைந்து கிலோ.

ஓர் ஆள்.

தெரியவில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.

லென் முன்னறையில் சோபாவில் உட்கார்ந்திருந்தான். இப்போதெல்லாம் வலது ஓரத்தில்தான் உட்காருகிறான். இடப்பக்கத்தில் நான் உட்காரப் போனால், "இந்தப் பக்கம் வாயேன்" என்கிறான். தேநீர்க் கோப்பையை இடது கையால் தூக்கினான். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அடுத்த மாதம் பஸ் டிப்போவுக்குப் போய்ப் பேசப் போகிறானாம். முகத்தில் பழைய லென் திரும்ப வந்துவிட்டான்.

அவன் இடது புறங்கையில் நான்கு இடத்தில் தோல் வெளுத்து அமுங்கியிருந்தது.

"யார் போன்ல?" என்று கேட்டான்.

"ராங் நம்பர்."

ரசமட்டம் என் கோட்டுப் பையில்தான் இருக்கிறது. சோபாவின் மேல் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இன்னும் வைக்கவில்லை.