அவர் அழிக்காத வழி

ஈக்காட்டுத்தாங்கல் அலுவலகத்தில் எங்கள் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டவர் அவர். நரைத்த மீசை, முழங்கை வரை மடித்த சட்டை. யாரோடும் சேர்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

வேகத்துக்காக நாங்கள், டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் குவெரிக்குள் ‘இந்த இண்டெக்ஸ் வழியாகத்தான் தேடணும்’ என்று கட்டளை எழுதிவைப்போம். அவர் அதைத் தேடித் தேடி அழிப்பார். ஒருநாள் சண்டைக்கே போனேன்.

“நல்லாத்தானே ஓடிச்சு சார்?”

“நீ எழுதினப்ப அது நல்ல வழிதான்பா. இப்ப டேபிள்ல இருக்கற டேட்டாவே மாறிப்போச்சு. டேட்டாபேஸ்கிட்ட விட்டுடு. இன்னிக்கு என்ன இருக்குன்னு பாத்து அதுவே வழி எடுத்துக்கும்.”

கொஞ்ச நாளாக அரை மணி நேரம் இழுத்த என் ரிப்போர்ட் அன்று ஒரு நிமிடத்தில் வந்தது.

பஸ் கிடைக்காத ஒரு காலையில், மேற்கு மாம்பலத்தில் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். அங்கிருந்து அலுவலகம் பதினைந்து நிமிடம்தான். வண்டியோ எதிர்த்திசையில் ராயப்பேட்டைக்குப் போனது. ஒரு பள்ளி வாசலில் நிறுத்திக் காலை ஊன்றினார். நான் இறங்க வேண்டுமோ என்று குழம்பினேன்.

“என் வொய்ஃப் இங்கதான் டீச்சர். எறக்கி விட்டுட்டுத்தான் ஆபீஸ் வருவேன்.”

“இப்போ சார்?”

“அவ போய் நாலு வருஷம் ஆச்சுப்பா” என்று வண்டியைக் கிளப்பினார்.

இப்போது அவர் வேலையை நான் பார்க்கிறேன். பழைய கட்டளை எதையாவது அழிக்கப் போகும்போதெல்லாம், அன்று ஸ்கூட்டரின் பின்சீட்டில் நான் யாருடைய இடத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பது நினைவுக்கு வந்து, கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிடுகிறது.