என் கட்டைவிரலும் கிளெனிஸின் லைசென்ஸும்

பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்று இங்கிலாந்தின் கால்டர் பள்ளத்தாக்கில் ஹெட்லியின் டயர் கடை என்றால் ஆடு மாடும் வழி சொல்லும். டயரைக் கட்டைவிரலால் தடவியே அதன் ஆயுளைச் சொல்லிவிடுவேன். அதை நம்பாத ஒரே ஆள் கிளெனிஸ் ஓர்மராய்ட்.

வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்குக் கால் நகம் வெட்டிவிடுவது அவள் தொழில். மேட்டுப் பண்ணைகளுக்குப் போகும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஐம்பத்தேழு வயதில் கார் பழகி ஏழாவது தடவையில் தேறினாள்.

புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு எங்கள் சட்டம் பொல்லாதது. தேறி இரண்டு வருடத்துக்குள் ஆறு அபராதப் புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் போச்சு. மறுபடி 'எல்' பலகை, மறுபடி பரீட்சை. வேகமாகப் போனதற்கு மூன்று புள்ளி ஏற்கெனவே வாங்கியிருந்தாள். டயர் ஒன்று வழுக்கையானாலும் இன்னொரு மூன்று.

அந்த இரண்டு வருடக் கெடு முடிய ஒன்பது நாள் இருக்கையில் கடைக்கு வந்தாள். முன்பக்க இடது டயரைத் தடவினேன்.

"ஆயிரம் மைல் தாங்கும், கண்ணு. போ."

"இருபது பென்ஸ் காச டயர் பள்ளத்துல விட்டுப் பாருய்யா. காசோட விளிம்பு வெளிய தெரிஞ்சா தேஞ்சதுனு அர்த்தம்."

"நாப்பது வருஷ விரலு இது. காசு எதுக்கு?"

"விரல் உன்னுது. லைசென்ஸ் என்னுது."

போய்விட்டாள்.

எட்டாம் நாள் என் கடைக்கு எதிரிலேயே போலீஸ்காரர் அவள் காரை நிறுத்தினார். குனிந்து ஒவ்வொரு டயராகப் பார்த்தார். நான் தடவிய டயருக்கு அவர் வந்தபோது கடை வாசலுக்கே வந்து நின்றேன்.

"இது மட்டும் புதுசா இருக்கே?"

"போன வாரம் மாத்தினேன் சார், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில. பழசு வழுக்கை. அதோ நிக்கறாரே, அவரு மண்டை மாதிரி."

போலீஸ்காரர் என் தலையைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கியபடி அவளைப் போகச் சொன்னார்.

அடுத்த மாதம் என் நகம் வெட்ட வந்தாள். விடுவேனா?

"காசு வெச்சுப் பாக்க உனக்கு யாரு கத்துக்குடுத்தா? என் கடைச் சுவத்துல இருக்கற படந்தானே?"

"ஆமா. ஒட்டினது நீ, படிச்சது நான்."

பதில் சொல்லியிருப்பேன். ஆனால் கால் அவள் மடியில் இருந்தது, நகவெட்டி அவள் கையில்.