ஐயாயிரம் டாலரும் பூட்டிய திருகும்

டார்லா பிஷிக்குக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அமெரிக்காவில் டொலீடோ நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம் வரை ஓய்வுதான். அந்த நேரமெல்லாம், வாங்கப்போகிற வீட்டு வாசல் வழியாகக் காரில் போய்ப் போய் வந்தாள். வீடு ஓடியா போய்விடும்? சொன்னால் கேட்கிற ஆளில்லை.

நாற்பத்திமூன்று வயதில் முதல் சொந்த வீடு. இத்தனை வருஷமும் வாடகைக் குடித்தனம். அங்கே ஹீட்டர் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகின்மேல் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் கூண்டு மாட்டிப் பூட்டியிருந்தார். சாவி அவர் சட்டைப்பையில். ஜனவரியில் டார்லா கோட்டைப் போட்டுக்கொண்டே சாப்பிடுவாள். சொந்த வீடு வேண்டும் என்று அவள் அடித்துக்கொண்டதெல்லாம் அந்தத் திருகுக்காகத்தான்.

அவள் நேரத்தைப் பாருங்கள், பிடித்துப்போன வீட்டில் ஹீட்டரே செத்துக் கிடந்தது. வீட்டைச் சோதித்துப் பார்க்க வந்த பரிசோதகர் அதைச் சொன்னதும் விற்பவர், "மாத்தித் தர எனக்கு நேரமில்ல. உங்க முடிப்புச் செலவுல ஐயாயிரம் டாலர் நான் ஏத்துக்கறேன்" என்றார். கடன் கொடுப்பவர் கட்டணம், பத்திரச் சோதனை, காப்பீடு, வரிக்கு முன்பணம் என்று வீட்டு விலைக்கு மேல் கையெழுத்து நாளில் வந்து குவிகிற செலவு அது. டார்லா காதில் ஐயாயிரம் மட்டும்தான் விழுந்தது. கையெழுத்து முடிந்ததும் அந்தப் பணம் கைக்கு வரும், அப்படியே ஹீட்டர்காரர் டுவேனிடம் கொடுத்துவிடலாம் என்று அவரை வெள்ளிக்கிழமை மதியமே வரச் சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை கடன் அலுவலகத்து கிரெட்சனுக்கு போன் போட்டாள். "அந்த ஐயாயிரத்தை செக்கா தருவீங்களா, ரொக்கமாவா?"

"ரெண்டுமில்லைங்க. விக்கிறவர் தர்ற சலுகையைக் கையில தர விதி இல்ல. அது வந்து..."

டார்லா போனை வைத்துவிட்டாள். 'அது வந்து'வுக்குப் பின்னால் என்ன என்று கேட்கக்கூடப் பொறுமையில்லை, அவ்வளவு கோபம். வெள்ளிக்கிழமை கையெழுத்துக்கு எவ்வளவு கட்டவேண்டும் என்று அன்று மாலையே வந்த கடைசிக் கணக்குத் தாளையும் பிரிக்காமல் காருக்குள் வீசினாள். டுவேனைக் கூப்பிட்டு வரவேண்டாம் என்றாள்.

தங்கை ஜோலீன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். "ஏங்க்கா, குட்டி போட்ட பூனை மாதிரி அலையறே? புடிக்கலேன்னா விட்டுடேன்."

"விட்டா அட்வான்ஸ் போச்சு. இந்த வீட்டையும் காலி பண்றேன்னு சொல்லித் தொலைச்சுட்டேன்."

"அப்போ ஒண்ணும் பண்ண முடியாது. குளிர்காலம் பூராத் தூங்கற கரடி மாதிரி மார்ச் வரைக்கும் தூங்கு."

டார்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, கிரெட்சன் முதன்முதலில் சொன்ன முழுத் தொகைக்கும் வங்கியில் செக் எடுத்துக்கொண்டு பத்திர அலுவலகத்துக்குப் போனாள். அடுக்கடுக்காகக் கையெழுத்து. கடைசியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் செக்கைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயாயிரம் அதிகமா கொண்டு வந்திருக்கீங்களே. கடைசிக் கணக்குத் தாள் பாக்கலியா?"

"அதிகமா? எப்படி?"

"உங்க செலவுல அந்த ஐயாயிரத்தை விக்கிறவர் கட்டிட்டாரு. அதுக்குன்னு நீங்க சேத்து வச்சது உங்களுக்கே நின்னுடுச்சு. இருங்க, திருப்பித் தர்றேன்."

"இது அவர் காசா?"

"உங்க காசுங்க! பத்திரமா வைங்க."

இரண்டு நாள் பட்ட பாடெல்லாம் தன் பணத்துக்காகவே. டார்லாவுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. வெளியே ஓடி டுவேனுக்கு போன் போட்டாள்.

"உங்க நேரத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டேனே. இனி திங்கட்கிழமைதான்."

"திட்டறதுன்னா திட்டிடுங்க. ஆனா வந்துடுங்க."

புது வீட்டைச் சாவி போட்டுத் திறந்து உள்ளே போனாள். காலி வீடு, விட்ட மூச்சு புகையாய்த் தெரிந்தது. நேரே கூடத்துச் சுவருக்குப் போனாள். திருகு இருந்தது. மேலே கூண்டில்லை, பூட்டில்லை. ஹீட்டர் செத்தது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கையுறையைக் கழற்றிவிட்டுத் திருகினாள். ஒன்றும் வரவில்லை.

இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.