கைச்சூட்டில் ஒரு கருப்பு பீர்

தை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலையிலிருந்து புதுச்சேரிக்குப் போய், ஒரே ஒரு கிளாஸ் பீர் குடித்துவிட்டு அன்றே திரும்பினேன். அறுபத்தொன்பது வயதில் இதற்கு ஒரு பயணமா என்று கேட்பீர்கள். காரணம் பாவெல்.

பாவெல் செக் நாட்டுக்காரர். பீர் காய்ச்சுவது தொழில். ரமணாசிரமம் பக்கம் எங்கள் மாடி அறையில் மூன்று குளிர்காலம் வாடகைக்கு இருந்தார். சாயங்காலமானால் கிரிவலப் பாதையில் நான் கடலை வறுக்கும் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சட்டி மணலையே பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது புதுச்சேரியில் ஒரு சின்ன பீர் ஆலையில் வேலை. அங்கே வறுத்த பார்லி போட்டு, தன் ஊர்க் கருப்பு லாகர் பீரை இரண்டு மாதம் வைத்திருந்து எடுத்திருந்தார். குடித்துப் பார்த்தவர்கள், கரிவாடை தவிர ஒன்றுமில்லை என்றார்களாம். அந்த ஞாயிற்றுக்குள் முதலாளியம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் தொட்டி முழுவதும் சாக்கடைக்கு, பாவெல் ஊருக்கு. "வறுக்கறது உங்களுக்குத் தெரியும், வாங்க" என்று போனில் கூப்பிட்டார்.

"ஒரு கிளாசுக்கு மேல போனா பாண்டியிலயே தங்கிடு" என்றாள் என் மனைவி. அதுதான் அனுமதி.

காலை 6.40 பேருந்து. கட்டணம் 110 ரூபாய், தூரம் சுமார் 105 கிலோமீட்டர். நான் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்று மூன்று வருடம்தான் ஆகிறது. பலகையை நானே படித்து ஏறிய முதல் வெளியூர் பேருந்து இது. கீழ்பென்னாத்தூர் வயல்களில் பனி விலகவே இல்லை. செஞ்சிக் கோட்டை மலைகள் அடியில்லாமல் மிதந்தன. நடத்துநர், பாண்டியில் என்ன விசேஷம் என்று கேட்டார். பீர் குடிக்கப் போகிறேன் என்றேன்.

"எல்லாரும் அதுக்குத்தான் போறாங்க. நேரா சொன்னது நீங்க ஒருத்தர்தான் பெரியவரே."

9.50க்கு இறங்கினேன். ஆலைக்கு ஆட்டோ 120 ரூபாய். பதினொரு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதால் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

முதலாளியம்மா பெயர் சுமதி, ஐம்பது வயதிருக்கும். அவர் பார்த்திருக்க, பாவெல் என் முன்னால் ஒரு கிளாஸை வைத்தார். வெளியெல்லாம் வியர்த்திருந்தது. சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் கருப்பின் ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்பு. நான் குடிக்கவில்லை. இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டேன்.

சட்டியிலிருந்து எடுத்த கடலையை நான் உடனே வாயில் போடுவதில்லை. சுடச்சுடத் தின்றால் எல்லாக் கடலையும் ஒரே ருசி. கைச்சூட்டுக்கு வந்தால்தான் பதம் தெரியும். அந்தப் பழக்கத்தில் கை தானாகச் செய்துவிட்டது.

"ஐயா, சூடாயிட்டா பீர் வீணாப் போயிடும்" என்றார் சுமதி.

"கடலை ஆறட்டும்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பாவெல் தரையைப் பார்த்தார்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடம் போனது. பிறகு குடித்தேன். முதலில் லேசாகக் கசந்தது. அப்புறம் வெல்லப்பாகின் வாசம் வந்தது, அதன் பின்னால் சுட்ட ரொட்டி. கடைசியில் மழைக்கு முன் சட்டியைக் கவிழ்க்கும்போது காற்றில் நிற்குமே ஒரு வாசனை, அது. அறை தூரமாகப் போனது போலிருந்தது. எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் நினைவில்லை.

"கருகவே இல்லம்மா. பதமா வறுத்திருக்காரு. நீங்கதான் ஜில்லுன்னு குடுத்து ருசிய மூடி வெக்கிறீங்க" என்றேன்.

சுமதியும் ஒரு கிளாஸ் வாங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டு காத்திருந்தார். இரண்டு மிடறுக்குப் பிறகு பாவெலைப் பார்த்தார்.

"இத இத்தினி நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

தொட்டி தப்பியது. பாவெல் என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. குளிரைக் குறைக்கச் சொன்ன சுமதி, சுண்ணக்கட்டியை என்னிடம் தந்து, வாசல் கரும்பலகையில் இதை எழுதிவிடுங்கள் என்றார். கடலை வறுப்பதைவிட மெதுவாக எழுதினேன்.

2.45 பேருந்தில் திரும்பினேன். ஊர் நெருங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. மலை கருப்பாக நின்றது, ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்பு.

போக நினைப்பவர்களுக்கு: 300 மில்லி கிளாஸ் 280 ரூபாய். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பாட்டிலில் வாங்கி வராதீர்கள், சோதனைச் சாவடியில் பிடிப்பார்கள். மற்றது வாசல் பலகையில் இருக்கிறது: "கிளாஸைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து குடிக்கவும்." வரி வலப்பக்கம் கொஞ்சம் மேலேறிப் போயிருக்கும். அது என் கை.