பேய் தீப்பெட்டி கேட்ட படம்

பேயைப் பார்த்து எல்லோரும் சிரித்த இடத்தில் என் அம்மா அழுதாள். எனக்கு அப்போது பத்து வயது. தியேட்டரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற காட்சியில் பக்கத்து சீட்டில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள், அவள் நம்மைப் பெற்றவள் என்றால் எவ்வளவு வெட்கமாக இருக்கும்!

பழைய பேய்ப்படம் ஒன்றைக் கேலி செய்து எடுத்த படம் அது. அந்தப் பழைய படத்தை அம்மா சின்னப் பிள்ளையில் திருவாதவூரில் பார்த்திருந்தாள். யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு டெக் வாடகைக்கு எடுத்துத் தெருவில் போட்டார்களாம். வெள்ளைப் புடவைக்காரி கையில் விளக்கோடு பாடிக்கொண்டே மாடிப்படி இறங்கி வந்தபோது அம்மா வீறிட்டு அலறியிருக்கிறாள். அவளுடைய அண்ணன், அதாவது என் மாமா, துண்டால் அவள் கண்ணைப் பொத்தி, "போயிருச்சு, போயிருச்சு" என்று படம் முடிகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதே துண்டின் மறுமுனையில் அவரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்பது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். எனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அம்மா அதைச் சொல்வாள்.

அப்படிப்பட்ட அண்ணனுக்கும் தங்கைக்கும் நான்கு வருடமாகப் பேச்சில்லை. காரணம் என் காது. அவனியாபுரத்தில் எனக்குக் காதுகுத்து வைத்தபோது அப்பா மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினார். அதில் அப்பாவின் அக்கா புருஷன் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, செல்போனைக் காதில் வைத்தபடி ஆள் உயரத்துக்கு நின்றார். 'தாய்மாமன்' என்று போட்டு மாமாவின் படம் கீழ் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது. அது போதாதென்று, கட்டிய சவுக்குக் கம்பு வேறு அவர் முகத்துக்குக் குறுக்கே போனது. கொட்டுமேளத்தோடு சீர் கொண்டுவந்த மாமா ஒரு நிமிடம் நின்று அந்த போர்டைப் பார்த்தார். என்னை மடியில் உட்காரவைத்தார். காது குத்தும்போது என்னைவிட அவர்தான் அதிகம் நடுங்கினார். எல்லாம் முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கை நனைக்காமல் போய்விட்டார்.

தாய்மாமன் பந்தியில் உட்காராமல் போவது எங்கள் பக்கம் லேசுப்பட்ட விஷயமில்லை. அவர் சாப்பிடாமல் போனது அம்மாவுக்கு ஆறவில்லை. மூலையில் போட்டது மாமாவுக்கு ஆறவில்லை. அப்பா மட்டும் அந்த ஃப்ளெக்ஸை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, மழைக்கு பைக்கை மூட வைத்துக்கொண்டார்.

கேலிப்படம் வந்ததும், தியேட்டர் பக்கமே தலைவைத்துப் படுக்காத அம்மா தானாகவே கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு நானும் அவளும் ஷேர் ஆட்டோவில் டவுனுக்குப் போனோம். அந்த மாடிப்படிக் காட்சி வந்தது. அதே வெள்ளைப் புடவை, அதே விளக்கு. பாதிப் படியில் காற்றடித்து விளக்கு அணைந்துபோக, பேய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனைத் தட்டி எழுப்பி, "அண்ணே, தீப்பெட்டி இருக்கா?" என்றது. தியேட்டர் அதிர்ந்தது. அம்மாவும் சிரித்தாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, பின்னால் எங்கிருந்தோ ஒரே ஒரு சிரிப்பு தாமதமாகக் கிளம்பியது. தோட்டத்து மோட்டாரைப் போட்டதும் குழாய் இரண்டு தரம் இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டுமே, அந்த மாதிரி. அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. அதற்கப்புறம்தான் அழுதாள். அது யாருடைய சிரிப்பென்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இடைவேளையில் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, பாப்கார்ன் வாங்கிவரச் சொன்னாள். கூட்டத்தில் முண்டிக்கொண்டு நின்றபோது தோளில் ஒரு கை விழுந்தது. மாமா! தனியாகத்தான் வந்திருந்தார். நான் வேண்டாம் என்று சொல்லுமுன் இரண்டு முட்டை பப்ஸை வாங்கி என் கையில் திணித்தார்.

"உங்கம்மா வந்துருக்காளா மாப்ள?"

"ஆமா மாமா."

"அந்தப் படிக்கட்டு சீன்ல பயந்தாளா?"

"சிரிச்சாங்க. அப்பறம் அழுதாங்க."

மாமா என் காதுக் கடுக்கனைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நான் வந்துருக்கேன்னு அம்மாட்ட சொல்லிராத, என்ன?" என்றார்.

"சத்தியமா சொல்ல மாட்டேன் மாமா" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய மனிதர் ஒருவர் என்னை நம்பி ஒப்படைத்த முதல் ரகசியம் அது. எனக்கு நெஞ்சு விம்மியது.

அம்மா பப்ஸைப் பார்த்தாள். என் கையில் கசங்காமல் இருந்த நோட்டையும் பார்த்தாள்.

"கூட்டத்துல நம்மாளுக யாரும் இருந்தாகளாடா?"

"யாரும் இல்லம்மா."

"யாருமே இல்லையா?"

"இல்லம்மா!"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. படம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் உட்கார்ந்தே இருந்தாள். செருப்பைக் காணோம் என்று சீட்டுக்கு அடியில் தேடினாள். இரண்டு செருப்பும் அவள் காலிலேயே இருந்தன. தியேட்டர் கூட்டுகிறவள் வந்து விரட்டிய பிறகு வெளியே வந்து வாசல் கேட்டில் நின்றாள். அவனியாபுரத்துக்கு ஒவ்வொரு ஆட்டோவாகப் போய்க்கொண்டிருந்தது. நான்தான் அவள் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினேன்.

அம்மாவும் அவரும் பேசிக்கொள்ளாமலேயே போன வருடம் மாமா இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்தன்று அவர் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, அத்தை அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒங்கண்ணன் ஒரு தடவ டவுன்ல சினிமாவுக்குப் போயிட்டு வந்து ரெண்டு நாளு சரியா சாப்புடல. 'சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட அம்புட்டு நேரம் நின்னேன், புள்ள போயிச் சொல்லியும் அவ வரலையே'ன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சாரு."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னைக்கி மாமா ஒங்கிட்ட என்னதான்டா சொன்னாரு?"

"அம்மாட்ட சொல்லிராதன்னாரும்மா. அதான் சொல்லல. சத்தியம் பண்ணிருந்தேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாக முடியவில்லை. முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"என்னையப் பாக்க வேணாம்னு அண்ணன் சொல்லிருச்சு போலன்னுல்லடா நான் இருந்துட்டேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சின்னப் புள்ளையில இருந்தே அது அப்படித்தான். சொல்லாதன்னு சொன்னா ஓடிப்போயிச் சொல்லணும்டா" என்றாள்.

பத்து வயதில் எனக்குச் சத்தியத்தைக் காப்பாற்ற மட்டும்தான் தெரிந்திருந்தது.